மரிய செல்வியும் கிழியாத சீலும்

ஒரு ரப்பர் வளையம். கிழியவில்லை, வெடிக்கவில்லை, விளிம்பு தேயக்கூட இல்லை. சுற்றிலும் இரும்பு இறுக்கிப் பிடித்திருக்கும்போது அது எப்படித் தன் இடத்தை விட்டு வெளியே வந்து நிற்கும்?

மரிய செல்வி ஒரு குழிக்குள் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டார். மேலே நின்ற யாருக்கும் பதில் தெரியவில்லை. இதை எழுதுகிற கைக்கும் அன்று தெரியாது. "பழசாப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர்கள்தான் அதிகம். செல்வி நகரவில்லை. அதனால்தான் இப்படி ஒரு கதை.

செல்விக்கு நாற்பத்தாறு வயது. ஆவூருக்குப் பக்கத்தில், பங்குக் கோயில் மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு. வாசலை ஒட்டிய அறையில் தையல் மிஷின். பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் என்று இருபத்தைந்து வருடமாகத் தைக்கிறார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பழைய துணியைப் பிரித்துத் திருத்தச் சொன்னால், கத்தரியை எடுக்கும் முன் டேப்பை எடுப்பார். அளந்து முடித்ததும் தையலின் இரண்டு பக்கமும் சேர்த்துச் சாக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு போடுவார். திரும்பச் சேர்க்கும்போது கோட்டோடு கோடு சேர்ந்தால் போதும், சட்டையின் கை தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். "பிரிக்கிறது யாரும் பிரிக்கலாம். எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சு பிரிக்கணும்" என்பார்.

அவர் கணவர் ஆண்ட்ரூஸ் டிரைவர். பதினாறு வருடம் குவைத்தில் லாரி ஓட்டினார். ஒரு நாள் சரக்கு இறக்கும்போது இரும்புத் தகடு சரிந்து இடது காலில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. கணுக்கால் மட்டும் மடங்க மாட்டேன் என்றுவிட்டது. நடக்கலாம், படி ஏறலாம். கிளட்ச் மிதிக்க முடியாது. ஊருக்குத் திரும்பி ஒரு வருடம் வீட்டிலேயே இருந்தார். தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டால் போதும், உள்ளே இருந்தபடியே சொல்வார்: "மூணாவது கியர்லயே இழுக்குறான் பாரு. இன்ஜின் அழுவுது." செல்வி மிஷினை மிதித்துக்கொண்டே "ஆமாங்க, அழுவுது" என்பார். அழுவது பஸ்ஸின் இன்ஜின் மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் சாலை போடும் கம்பெனி ஒன்று வேலையை முடித்துக் கிளம்பியது. கிளம்பும்போது பழைய வண்டிகளை ஏலம் விட்டது. அதில் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்த சின்ன லாரி. ஆட்டோமேட்டிக். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். கிளட்ச் கிடையாது. ஆக்சிலேட்டர், பிரேக், அவ்வளவுதான். யாரும் சீண்டாத அந்த வண்டியை ஆண்ட்ரூஸ் மூன்று முறை சுற்றிவந்தார். நான்காவது சுற்றில் பேர் கொடுத்துவிட்டார்.

ஊரில் அதற்கு 'ரெண்டு மிதி' என்று பெயர் விழுந்தது. "மூணாவது மிதிய எவன் களவாண்டான்?" என்று கேட்காத ஆள் இல்லை. ஆண்ட்ரூஸ் சிரித்துக்கொண்டே வலது காலை மட்டும் வைத்து மாவட்டம் முழுக்க ஓட்டினார். சந்தனசாமியின் பந்தல் கடைச் சாமான்களுக்கு நிரந்தர வண்டி அதுதான். சாமியானா, இரும்புக் குழாய், நாற்காலி, பிரியாணி அண்டா எல்லாம் ஏற்றிக்கொண்டு இன்றைக்குத் திருமயத்தில் கல்யாணம், நாளைக்கு இலுப்பூரில் காதுகுத்து என்று ஐந்து வருடம் ஓடியது.

இந்த ஏப்ரலில் அது நின்றது. கீரனூர்க் கல்யாணத்துக்கு முழுச் சுமையோடு போனபோது, நார்த்தாமலை தாண்டி ஒரு மேட்டில் இன்ஜின் இரைந்தது, வண்டி நகரவில்லை. ஆண்ட்ரூஸ் அடுத்த நொடியே இன்ஜினை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். தார்ச் சாலையில் சிவப்பாக எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது.

இழுத்துப்போக டிராக்டர் வந்தது. கயிறு கட்டப் போனவரை ஆண்ட்ரூஸ் தடுத்தார். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றாமல் இழுக்கக் கூடாது என்றார்.

"லாரிய இழுக்கக் கூப்புட்டியா, பிரிக்கக் கூப்புட்டியா?" என்றார் டிராக்டர்காரர்.

"அண்ணே, இது மத்த வண்டி மாதிரி இல்ல. இன்ஜின் ஓடுனாத்தான் கியர்பாக்ஸுக்குள்ள எண்ணெய் ஓடும். சும்மா இழுத்தீங்கன்னா உள்ள வறண்டு தேஞ்சுரும்."

வெயிலில் முக்கால் மணி நேரம் ஆனது. தண்டைக் கழற்றித்தான் இழுத்தார்கள். பின்னால் நடந்ததை நினைத்தால், அந்த முக்கால் மணி நேரம்தான் வண்டியைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்துத் திருக்கோகர்ணத்திலிருந்து மெக்கானிக் ரகுநாத் வந்தார். நல்ல கைக்காரர். எந்த லாரியையும் சத்தத்தில் கண்டுபிடிப்பார். அவர் குனிந்து பார்த்தார், எழுந்தார், கையைத் துடைத்தார்.

"அண்ணே, ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது. இந்தப் பெட்டிய நான் தொறந்ததே இல்ல. நம்ம மாவட்டத்துல தொறந்தவன் இருப்பானான்னும் தெரியல. இதத் தூக்கிப் போட்ருவோம். சாதா கியர்பாக்ஸ் ஒண்ணு எங்கிட்டக் கெடக்கு. கிளட்ச் வச்சு மாட்டிர்றேன். அதுக்கப்பறம் எங்க நின்னாலும் எவன் வேணும்னாலும் சரிபண்ணுவான்."

"கிளட்ச்சா?" என்றார் செல்வி.

ரகுநாத் ஆண்ட்ரூஸின் காலைப் பார்க்காமல் பேசினார். "ஒரு டிரைவரப் போட்டுக்கங்க அக்கா. அண்ணன் பக்கத்துல ஒக்காந்து வரட்டும்."

ஆண்ட்ரூஸ் தரையைப் பார்த்துக்கொண்டு "சரி" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் செல்வியைக் குத்தியது. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை, கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று மாலை தெருமுனையில் பஸ் திரும்பியது. ஆண்ட்ரூஸ் எந்த கியர் என்று சொல்லவில்லை. செல்வி மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அடுத்த பஸ்ஸும் போனது. அதற்கும் ஒன்றும் இல்லை.

மறுநாள் செல்வி ரகுநாத்துக்குப் போன் போட்டார். "தம்பி, அந்தப் பெட்டி ஒங்களுக்கு வேணாம்ல? நாங்களே கழட்டி எறக்கி வைக்கிறோம்."

"அக்கா, அது தையல் மிஷின் இல்ல."

"தையல் மிஷினும் வாங்கும்போது மூடித்தான் இருந்துச்சு. நான்தான் தொறந்தேன்."

ரகுநாத் சிரித்தார். "சரிக்கா, எனக்கு ஒரு நாள் வேல மிச்சம். அடுத்த திங்கக்கெழம பெட்டியோட வாரேன். ஒண்ணு மட்டும் சொல்றேன், அதுக்கு நேர் கீழ படுத்துறாதீங்க. ரெண்டு மூட்ட நெல்லு கனம்."

ஆக, கையில் இருந்தது ஒன்பது நாள். அதற்குள் எண்ணெய் ஏன் வந்தது என்று தெரிந்தால் ஆண்ட்ரூஸ் இன்னும் டிரைவர். தெரியாவிட்டால் தன் வண்டியிலேயே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற ஆள்.

கீழே போய் வேலை செய்ய இடம் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் புதுக் கழிப்பறைக்காகக் கொத்தனார் ராசு தொட்டி கட்டி வைத்திருந்தார். செங்கல் சுவர் எழும்பி, உள்ளே பூசி முடித்து, மேலே மூடி மட்டும் போடவில்லை. சந்தனசாமி கடையிலிருந்து இரண்டு இரும்பு கர்டர் வந்தது. தொட்டியின் மேல் அவற்றைக் குறுக்கே போட்டு, எட்டுப் பேர் சேர்ந்து லாரியைத் தள்ளி, கியர்பாக்ஸ் சரியாகத் தொட்டிக்கு மேல் வரும்படி நிறுத்தினார்கள். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைத்தார்கள்.

பக்கத்து வீட்டுச் சொர்ணவல்லி வந்து எட்டிப் பார்த்தார். "ஏன் செல்வி, மனுசங்களுக்குக் கட்டுன கக்கூஸுல மொதல்ல லாரிய ஒக்கார வச்சுட்டியா?"

"அதுக்குத்தான அக்கா வயித்துப்போக்கு" என்றார் செல்வி குழிக்குள்ளிருந்து.

தொட்டிக்குள் இறங்க ஆண்ட்ரூஸின் கணுக்கால் இடம் தரவில்லை. அவர் மேலே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் போன். அதில் தொப்பி போட்ட ஒரு வெளிநாட்டு ஆள், தன் வீட்டுக் கொட்டகையில் இதே மாதிரி ஒரு பெட்டியைக் கழற்றுவது ஓடிக்கொண்டிருந்தது. ஆண்ட்ரூஸுக்கு அந்த ஆளின் இங்கிலீஷ் பாதி புரிந்தது. செல்விக்குப் பேச்சு புரியவில்லை, கை புரிந்தது. "கொஞ்சம் பின்னாடி போங்க. எடது கையால எதப் புடிச்சிருக்கான்னு பாக்கணும்" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார்.

முதலில் எண்ணெயை வடித்தார்கள். சந்தனசாமி கொடுத்த ஓட்டை விழுந்த அண்டாவை ராசு சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார். அதில் சிவப்பு எண்ணெய் மெல்ல இறங்கியது. ஆண்ட்ரூஸ் ஒரு சொட்டை விரலில் வாங்கி முகர்ந்தார். திரும்ப முகர்ந்தார்.

"என்னங்க?"

"கருகல் வாடை இல்ல. உள்ள எதாச்சும் வெந்திருந்தா எண்ணெய் கறுத்து, தீஞ்ச நாத்தம் அடிக்கும். குவைத்துல பாத்திருக்கேன்." ரகுநாத் வந்துபோன பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

பிறகு செல்வி தன் வேலையைத் தன் வழியில் செய்தார். பட்டுப்புடவை வரும் அட்டைப் பெட்டியைப் பிரித்து, அதில் கியர்பாக்ஸின் முகத்தைப் படமாக வரைந்தார். எந்த போல்ட் எந்த இடத்தில் இருந்ததோ, அட்டையில் அதே இடத்தில் ஓட்டை போட்டு அதைச் செருகினார். நீள போல்ட் இரண்டு, குட்டை போல்ட் ஏழு. கழற்றிய ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே நிற நூல் கட்டினார். மஞ்சளுக்கு மஞ்சள், ஊதாவுக்கு ஊதா. இரும்பு சேரும் இடங்களில் சாக்கட்டிக் கோடு போட்டார்.

"ஆம்பளைங்க கழட்டுனா எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு, கடைசில நாலு நட்டு மிச்சம்னு சொல்லுவாங்க" என்றார் சொர்ணவல்லி.

"அது கம்பெனிக்காரன் கூடுதலாக் குடுத்தது" என்றார் ஆண்ட்ரூஸ். சொர்ணவல்லி தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கழற்றுவது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு மூட்டை கனத்தை எப்படிக் கீழே இறக்குவது? தொப்பிக்காரரிடம் சக்கரம் வைத்த ஜாக்கி இருந்தது. இங்கே அது இல்லை. செல்வி ஒரு நாள் முழுக்க யோசித்தார். யோசித்தது மிஷினில் உட்கார்ந்துகொண்டுதான். சாக்கு மூட்டையின் வாயை மிஷினில் தைத்திருப்பார்களே, அந்தத் தையலில் ஒரு குணம் உண்டு. சரியான நூலின் முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் சர்ரென்று பிரிந்துவிடும். செல்வி பதினெட்டுச் சாக்கில் மணல் நிரப்பினார். ஒவ்வொன்றின் அடிப்பக்க ஓரத்திலும் ஒரு சாண் அளவுக்குப் பிரித்து, இழுத்தால் பிரிகிற தையலாக மீண்டும் தைத்து, நூல் முனையை நீளமாக விட்டார். மூட்டைகளைத் தொட்டியின் நடுவில் கியர்பாக்ஸைத் தொடுகிற உயரத்துக்கு அடுக்கினார். நூல்களையெல்லாம் மேலே கொண்டுவந்து ஆண்ட்ரூஸின் நாற்காலிக் கையில் வரிசையாகக் கட்டினார்.

கடைசி போல்டும் அட்டைக்குப் போனது. கழற்றும்போது இன்ஜின் பின்பக்கம் சாயாமல் இருக்க அதற்கு அடியில் கட்டை கொடுத்திருந்தார்கள். ராசுவும் செல்வியும் பெட்டியைக் கடப்பாறையால் நெம்பிப் பின்னால் நகர்த்தினார்கள். அது இன்ஜினை விட்டு, ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி பிரிந்து, மூட்டைகளின் மேல் உட்கார்ந்தது. இருவரும் ஏணியில் ஏறி வெளியே வந்தார்கள்.

"இப்ப இழுங்க. மேல் மூட்டை மொதல்ல."

ஆண்ட்ரூஸ் முதல் நூலை இழுத்தார். மணல் சொரிந்தது. இரண்டு மூட்டை கனம் அங்குலம் அங்குலமாகக் கீழே போனது. இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்க நூல், வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்க நூல். ஸ்டியரிங் பிடிக்கிற கைதானே, அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கால் மணி நேரத்தில் கியர்பாக்ஸ் மணல்மேட்டில் கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. ராசு கை தட்டினார்.

அப்போதுதான் அந்த ரப்பர் வளையத்தைப் பார்த்தார்கள்.

பெட்டியின் முன்வாயில் பூசணிக்காய் அளவில் ஒரு உருண்டை இரும்பு செருகியிருக்கும். கன்வெர்ட்டர் என்பார்கள். இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகவே வாங்கிக் கியர்பாக்ஸுக்குக் கொடுப்பது அதுதான். கிளட்ச் தேவைப்படாததற்கும் அதுதான் காரணம். வெளியே இழுப்பதற்கு முன் செல்வி அதை உள்ளே நன்றாக அழுத்தி, பெட்டியின் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று டேப்பால் அளந்தார். முக்கால் இஞ்ச். சுவரில் சாக்கட்டியால் எழுதினார். பிறகு இழுத்தார்கள். உருண்டையின் கழுத்தைச் சுற்றி எண்ணெய் வெளியே வராமல் பிடிக்க வேண்டிய ரப்பர் சீல், தன் குழியை விட்டு வெளியே வந்து கழுத்தில் வளையல் மாதிரித் தொங்கியது.

"சீல் போயிருச்சு. அவ்வளவுதான். புதுசு போட்டா முடிஞ்சுது" என்றார் ராசு.

செல்வி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் விளிம்பை விரலால் சுற்றி வந்தார். எங்கேயும் கீறல் இல்லை. அங்கேதான் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டார். ராசு தோளைக் குலுக்கினார். ஆண்ட்ரூஸ் போனைப் பின்னால் ஓட்டித் தேடினார். போனில் இருந்த தொப்பிக்காரரும் இதைப் பற்றி எதுவும் காட்டவில்லை. புதுச் சீல் போட்டு மாட்டிவிடலாம்தான். ஆனால் ஏன் வந்தது என்று தெரியாமல் போட்டால், அதுவும் அதே மாதிரி வராது என்று யார் சொல்வது?

மறுநாள் காலையில் சொர்ணவல்லி ஒரு பிளவுஸோடு வந்தார். பச்சைப் பட்டு. பொங்கலுக்கு முன் செல்வி தைத்துக் கொடுத்தது.

"என்ன தையல் தச்ச நீ? நாத்தனார் வீட்டு விசேசத்துல கைய ஒசத்துனேன், பட்டுனு விட்டுப் போச்சு. அத்தனை பேர் முன்னால!"

செல்வி வாங்கிப் பார்த்தார். "அக்கா, துணி கிழியலையே. தையல்தான் விட்டிருக்கு. வெளிய ஏதாச்சும் மாட்டி இழுத்தா துணி கிழியும். துணி நல்லா இருந்து தையல் விட்டா, உள்ள இருந்து தள்ளியிருக்குன்னு அர்த்தம்."

"என்னடி சொல்ற?"

"பொங்கலுக்கப்பறம் நீங்க..." என்று ஆரம்பித்த செல்வி பாதியில் நின்றார். பிளவுஸ் கையிலேயே இருந்தது. எழுந்து பின்வாசலுக்கு ஓடினார்.

"ஏய், என்னக் குண்டுன்னு சொல்ல வந்துட்டு எங்கிட்டு ஓடுற?"

ஆண்ட்ரூஸ் லாரியின் நிழலில் உட்கார்ந்திருந்தார். செல்வி மூச்சு வாங்கக் கேட்டார்: "என்னங்க, அந்தப் பெட்டிக்குள்ள எண்ணெய் சூடாகுமா?"

"கை வைக்க முடியாது. அவ்வளவு சூடு."

"சூடானா உள்ள இருக்குற காத்து பெருக்கும்ல? குக்கர் மாதிரி? குக்கருக்கு விசில் இருக்கு. இதுக்கு எங்க?"

ஆண்ட்ரூஸ் நிமிர்ந்தார். "இருக்கும். எல்லாப் பெட்டிக்கும் மேல ஒரு காத்துக் கொழா வச்சிருப்பாங்க. இதுக்கு எங்கன்னு நான் பாத்ததில்ல. மாட்டியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது."

செல்வி ஏணியில் இறங்கினார். பெட்டியின் முதுகு இப்போது திறந்து கிடந்தது. எல்லாம் ஒரே கறுப்பு. ஜனவரியில் எஃப்சிக்குக் காட்டுவதற்காக அடித்த பெயின்ட். லாரி வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வருடா வருடம் வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று வாங்கும் முன், கல்யாணப் பெண் மாதிரி மேலும் கீழும் அடித்துப் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். ஆண்ட்ரூஸால் கீழே படுக்க முடியாது என்பதால் அடிப்பக்கம் முழுவதும் செல்விதான் அடித்தார். ஒரு இடம் விடாமல் அடித்தார். "கம்பெனில இருந்து வந்தப்பகூட இப்படி இருந்திருக்காது" என்று ஆண்ட்ரூஸே அன்று பாராட்டினார்.

விரலால் தடவிக்கொண்டே போனபோது ஒரு இடத்தில் தட்டியது. பேனா மூடி அளவில் ஒரு சின்னக் குழாய். வாய் இருக்க வேண்டிய இடத்தில் பெயின்ட் உருண்டு, மொட்டு மாதிரி மூடியிருந்தது. செல்வி நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் சுரண்டினார். கறுப்பு உதிர்ந்தது. உள்ளே பச்சை தெரிந்தது.

இழுத்தார். மடித்து மடித்துத் திணித்த ஒரு துண்டுத் துணி நீளமாக வந்தது. பச்சை லைனிங். சொர்ணவல்லியின் பிளவுஸுக்கு வெட்டியதில் மிஞ்சிய துணி.

செல்விக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பெயின்ட் அடிக்கும் முன், குழாய் எதற்குள்ளும் பெயின்ட் இறங்கிவிடக் கூடாது என்று தையல் அறையிலிருந்து துண்டுத் துணிகளை எடுத்துப் போனார். நான்கு ஓட்டையை அடைத்தார். காய்ந்ததும் எடுத்தார். மூன்றை எடுத்தார். நான்காவது மேல்பக்கம் கையால் தடவி அடைத்தது, கண்ணில் படவில்லை. அதன் மேலேயே இன்னொரு பூச்சும் அடித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெட்டி மூச்சு விட வழியில்லாமல் ஓடியிருக்கிறது. வெயில் ஏற ஏற உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. நார்த்தாமலை மேட்டில், முழுச் சுமையில், இருந்ததிலேயே இளக்கமான அந்தச் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வந்திருக்கிறது.

துணியை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டார்.

"கெடச்சுச்சா?" என்றார் ஆண்ட்ரூஸ் மேலிருந்து.

செல்வி ஏணியைப் பிடித்தார்.

"விடு செல்வி. எனக்குத் தெரியும் என்னன்னு. நான்தான் அந்த மேட்டுல நிக்காம மிதிச்சேன். அவ்வளவு லோடு ஏத்தியிருக்கக் கூடாது. ஒரு கால வச்சுக்கிட்டு நான் வண்டி ஓட்டியிருக்கவே கூடாது."

இதைத்தான் இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்தாரா? அந்தச் 'சரி'க்குக் காரணம் இதுதானா? செல்வி ஏணியில் ஏறி வந்து, அவர் மடியில் துணியைப் போட்டார்.

"நீங்க ஒண்ணும் பண்ணல. நான் அடைச்சேன். எஃப்சி பெயின்ட் அன்னைக்கு. எடுக்க மறந்துட்டேன்."

ஆண்ட்ரூஸ் துணியைப் பார்த்தார். பெயின்ட் ஒட்டிய முனையைப் பார்த்தார். பச்சை முனையைப் பார்த்தார்.

"இது யாரு துணி?"

"சொர்ணவல்லி அக்கா லைனிங்."

அவர் உதடு துடித்தது. செல்வி பயந்துவிட்டார். பார்த்தால் சிரிப்பு. முதலில் மூக்கால், பிறகு தோளால், கடைசியில் நாற்காலியே ஆடும்படி. "ஏன்டி... எட்டுப் பேரு சேந்து தள்ள வேண்டிய வண்டிய... ஒரு ஜாக்கெட்டுத் துணி நிறுத்திருச்சு!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

கொஞ்சம் அடங்கியதும் சொன்னார்: "நீ பாட்டுக்குத் தூக்கி எறிஞ்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாது."

"தெரிஞ்சிருக்காது."

"பெறகு ஏன் சொன்ன?"

"நீங்க ஒங்க கால் மேல பழியப் போட்டுக்கிட்டே இருந்தீங்க" என்றார் செல்வி. "அது தப்பான எடத்துல போட்ட தையல். பிரிச்சுத்தான ஆகணும்?"

அன்று மாலை பஸ் திரும்பியபோது உள்ளே இருந்து குரல் வந்தது: "ரெண்டுக்கு மாத்துனான். நல்ல பய."

அடுத்த நாள் செல்வி புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினார். ஆயில் சீல் கடையில் இந்த லாரியின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் கையை விரித்தார். செல்வி பழைய சீலையும், உள் அகலம், வெளி அகலம், தடிமன் மூன்றையும் குறித்த காகிதத்தையும் நீட்டினார். "வண்டி பேர விடுங்கண்ணே. அளவு இருக்கா?" அளவு இருந்தது.

மாட்டுவது இறக்குவதைவிடக் கஷ்டம். மணல் கீழே போகத்தான் தெரியும், மேலே ஏறத் தெரியாது. இரண்டு சின்ன ஜாக்கி வைத்து ஒரு அங்குலம் தூக்குவார்கள், செங்கல் அடுக்குவார்கள், மறுபடி தூக்குவார்கள். ராசு செங்கல் அடுக்கியதால் அது ஒரு தூண் மாதிரி நேராக எழுந்தது.

அதற்கு முன்பே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். கன்வெர்ட்டரை உள்ளே தள்ளிச் சுற்றினால் 'டக்' என்று ஒரு படி இறங்கும், இன்னொரு 'டக்' என்று அடுத்த படி இறங்கும். இரண்டு 'டக்' கேட்டதும் ராசு போதும் என்றார். செல்வி டேப் வைத்தார். கால் இஞ்ச்சுதான் உள்ளே இருந்தது. சுவரைப் பார்த்தார். முக்கால்.

"கொஞ்சந்தானக்கா. போல்ட்டப் போட்டு இறுக்குனா தானா உள்ள போயிரும்."

"போகாது. ஒடையும்" என்றார் ஆண்ட்ரூஸ். "அந்தத் தொப்பிக்காரன் இதுக்குத்தான் கத்துனான்."

செல்வி கண்ணை மூடிக்கொண்டு, உருண்டையைத் தூக்கினாற்போலப் பிடித்து மெல்லச் சுற்றினார். ஊசி முனையில் நூல் நுழைவது கண்ணுக்கு முன் கைக்குத் தெரியுமே, அப்படிக் காத்திருந்தார். ஏழெட்டுச் சுற்றுக்குப் பிறகு மூன்றாவது 'டக்'. டேப் வைத்தார். முக்கால்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எண்ணெய் ஊற்றினார்கள். அட்டையில் ஒரு போல்டும் மிச்சம் இல்லை. ஆண்ட்ரூஸ் ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் பிடித்தது. லிவரைப் பின்னுக்குத் தள்ளினார். ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு வண்டி, தூக்கத்தில் புரள்கிறவர் மாதிரி ஒருமுறை அசைந்து, கர்டர் மேல் உருண்டு, தொட்டியை விட்டுப் பின்னால் வந்தது. அவர் தெருவுக்கு எடுத்துப்போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். இரண்டாவது சுற்றில் ஹாரன் அடித்தார். மூன்றாவது சுற்றில் சொர்ணவல்லி பக்கத்து சீட்டில் இருந்தார்.

திங்கட்கிழமை ரகுநாத் சாதா கியர்பாக்ஸை மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆவூர் விலக்கிலேயே ரெண்டு மிதி எதிரே வந்து நின்றது. இரண்டு வண்டியும் வீட்டுக்கு வந்ததும் அவர் செய்தித்தாள் ஒன்றை லாரிக்கு அடியில் விரித்தார். இன்ஜினை ஓடவிட்டு அரை மணி நேரம் பார்த்தார். தாளில் ஒரு சொட்டு இல்லை.

"என்ன வியாதி அக்கா?"

செல்வி தையல் அறைக்குக் கூட்டிப்போனார். ஊசி குத்திவைக்கும் பஞ்சில் அந்தப் பச்சைத் துணியும் குத்தியிருந்தது. அவர் முழுக்கச் சொன்னார், தான் அடைத்ததையும் சேர்த்து. ரகுநாத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடீரென்று முகம் மாறியது. போனை எடுத்தார்.

"டேய், வெள்ளிக்கெழம பெயின்ட் அடிச்ச ரெண்டு வண்டியிலயும் அடைச்ச துணியெல்லாம் எடுத்தியா? ...எத்தன அடைச்ச? ...எத்தன எடுத்த? ...எண்ணலையா? போய் எண்ணுடா மொதல்ல!"

ரெண்டு மிதி இப்போதும் ஓடுகிறது. அடுத்த எஃப்சிக்கும் அடிப்பக்கம் செல்விதான் பெயின்ட் அடிப்பார். அடைக்கிற துணி ஒவ்வொன்றிலும் ஒரு முழ நீள நூல் தைத்துத் தொங்கவிடப் போகிறாராம். தொங்குவது கண்ணில் படாமல் போகாது.

இந்தக் கதையை எழுதலாமா என்று கேட்டபோது அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "யாரோ ஒரு பொம்பள அடைச்சுட்டான்னு எழுதிராத. மரிய செல்வி அடைச்சா, மரிய செல்வியே எடுத்தான்னு எழுது." அப்படியே எழுதியிருக்கிறது. உங்கள் தெருவில் யாராவது லாரிக்கு அடியில் பெயின்ட் டப்பாவும் கையுமாகப் படுத்திருந்தால், கொஞ்சம் குனிந்து, அவர் பெயரோடு இதைச் சொல்லிவிட்டுப் போங்கள். கேட்டவரையும் அடுத்த வண்டிக்குச் சொல்லச் சொல்லுங்கள்.